பெயர் நமக்கு, எண் கணினிக்கு: லினக்ஸில் பயனர் கணக்குகளும் குழுக்களும்

போன வருடம் வீட்டுக்குப் புது டெஸ்க்டாப் வாங்கி உபுண்டு லினக்ஸ் போட்டேன். அப்பாவுக்காக வாங்கியது என்பதால் நிறுவும்போது முதல் கணக்கை அவர் பெயரில் திறந்து, எனக்கு இரண்டாவதாக ஒன்று வைத்துக்கொண்டேன். அப்புறம் பழைய கணினியோடு இருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து செருகினேன். வருமான வரித் தாள்களை வைத்திருக்கும் என் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. உரிமையாளர் யார் என்று பார்த்தால் அப்பா! அவர் அந்த ஃபோல்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர் லாகினில் போய்ச் சொடுக்கினால் ஜம்மென்று திறக்கிறது. அவருடைய பழைய போட்டோக்களோ என் பெயரில் நிற்கின்றன.

டிஸ்க்கில் கோளாறு ஒன்றும் இல்லை. பழைய கணினியில் நான் 1000, அப்பா 1001. புதியதில் அப்பா 1000, நான் 1001. கோப்பின் மேல் லினக்ஸ் எழுதி வைப்பது பெயரை இல்லை, இந்த எண்ணை. ரயில் பெட்டியில் 32-ஆம் படுக்கை 32-ஆகவே இருக்கும். அதில் படுப்பது யார் என்பதை அன்றைய சார்ட் சொல்லும். டிஸ்க்கை நான் வேறு சார்ட் உள்ள பெட்டிக்குக் கொண்டுவந்துவிட்டேன், அவ்வளவுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் கணக்கு, குழு, அனுமதி எல்லாமே எளிதாகப் பிடிபடும்.

ஒரு விஷயம் முதலிலேயே. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தம்பிக்குப் போனில் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தாகவே தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். யூசர், குரூப், ஆட், மோட் என்று சொல்லாக வந்தால் அந்தச் சொல்லை அப்படியே இடைவெளி விடாமல் ஒட்டித் தட்டவும் (கட்டளையில் மோட் என்றால் எம், ஓ, டி மட்டும்; கடைசியில் இ வராது). எம்கேடிஐஆர் மாதிரி வந்தால் எழுத்தெழுத்தாக. எடுத்துக்காட்டுக்கு எடுத்துக்கொண்ட கணினி உபுண்டு. லினக்ஸின் வேறு வகைகளான டெபியனிலும் மின்ட்டிலும் ஏறக்குறைய இதேதான். ஃபெடோரா எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்கிறேன்.

முதலில், நீங்கள் யார்?

கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து இரண்டே எழுத்து:

ஐடி

என்று தட்டி என்டர் அழுத்துங்கள். மூன்று சங்கதிகள் வரும். யூஐடி என்பது உங்கள் எண். ஜிஐடி என்பது உங்கள் முதன்மைக் குழுவின் எண். கடைசியில் நீங்கள் இருக்கும் எல்லாக் குழுக்களும் எண்ணோடும் பெயரோடும் வரும். அந்த வரிசையில் 27 சுடோ என்று இருந்தால் கணினியின் சாவி உங்களிடம் இருக்கிறது. 27 என்பது டெபியன் குடும்பத்தில் அந்தக் குழுவுக்கு ஒதுக்கிய எண்.

எண்களுக்கு ஒரு வரிசை உண்டு. 0 என்றால் ரூட். அந்த எண் உள்ளவருக்குக் கோப்பு அனுமதிகள் கணக்கில்லை. கவனிக்கவும், அதிகாரம் 'ரூட்' என்ற பெயருக்கு இல்லை, 0 என்ற எண்ணுக்குத்தான். வேறு ஒரு பெயருக்கு 0 கொடுத்தால் அவரும் ரூட்தான். 1 முதல் 999 வரை கணினியே வைத்துக்கொள்ளும் வேலையாள் கணக்குகள். மனிதர்களுக்கு 1000-இல் தொடங்கி 60000 வரை. ரெட்ஹேட் என்ற லினக்ஸ் வகையின் பழைய பதிப்புகளில் மனிதர்கள் 500-இல் தொடங்குவார்கள். அந்தக் காலத்து டிஸ்க் கையில் இருந்தால் இது நினைவிருக்கட்டும்.

வீட்டுக் கணினிக்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு என்று தோன்றும். 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் ஆளுக்கொரு கணினி என்பது கனவு. ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கோப்பை இன்னொருவர் கெடுக்காமல் இருக்க வேண்டும். கணினி மேசைக்கு வந்த பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது, நல்லதாகப் போயிற்று. இன்று பிரிண்டருக்கு ஒரு கணக்கு, நேரம் சரிபார்க்கும் நிரலுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக ஓடுவதால்தான் ஒன்று கெட்டாலும் மற்றது பிழைக்கிறது.

பதிவேடுகள் மூன்று

இந்தப் பெயர்-எண் சார்ட் ஒட்டியிருக்கும் இடம் /ஈடிசி/பாஸ்டபிள்யூடி என்ற கோப்பு. பாஸ்வேர்டு என்ற சொல்லில் நடு எழுத்துகளை விழுங்கி, 'பாஸ்' எழுதி டபிள்யூ, டி. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்:

லெஸ் /ஈடிசி/பாஸ்டபிள்யூடி

தனியாளாகக் கணினி வைத்திருப்பவர் வீட்டிலும் நாற்பது வரிக்கு மேல் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எங்கள் வீட்டில் பாப்பாவின் வரி இப்படி இருக்கிறது:

பாப்பா:எக்ஸ்:1002:1002:பாப்பா,,,:/ஹோம்/பாப்பா:/பின்/பாஷ்

முக்காற்புள்ளி ஏழு கட்டங்களாகப் பிரிக்கிறது. லாகின் பெயர், பாஸ்வேர்டின் இடம், பயனர் எண், முதன்மைக் குழு எண், முழுப்பெயர், வீட்டு ஃபோல்டர், லாகின் ஆனதும் ஓட வேண்டிய ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல். ஐந்தாவது கட்டத்துக்கு ஜீகோஸ் என்று ஒரு விசித்திரப் பெயர். பெல் ஆய்வகத்தில் அச்சடிக்கும் வேலைகளை ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜீகோஸ் கணினிக்கு அனுப்புவார்கள். அங்கே காட்ட வேண்டிய அடையாளத்தை இந்தக் கட்டத்தில் வைத்தார்கள். அந்த இயந்திரம் போய் எத்தனையோ காலம் ஆகியும் கட்டத்தின் பெயர் போகவில்லை.

இரண்டாவது கட்டத்தில் வெறும் எக்ஸ் இருக்கிறதே, பாஸ்வேர்டு எங்கே? ஒரு காலத்தில் அதன் குறியாக்கம் அங்கேயேதான் இருந்தது. எல்லோரும் படிக்கக்கூடிய கோப்பில் அதை வைத்தால் யாராவது எடுத்துப்போய் நிதானமாக உடைப்பார்கள் என்பதால் /ஈடிசி/ஷேடோ என்ற கோப்புக்கு மாற்றினார்கள். அதைச் சாதாரணப் பயனர் யாரும் திறக்க முடியாது. அங்கும் பாஸ்வேர்டு நேரடியாக இருக்காது; அதைத் திரும்பப் பிரிக்க முடியாதபடி அரைத்த மாவுதான் இருக்கும். டாலர் குறிக்கு நடுவில் 6 என்று தொடங்கினால் ஷா-512 முறை, ஒய் என்று தொடங்கினால் புதிய யெஸ்கிரிப்ட் முறை.

இங்கே ஒரு புதிர். ஷேடோவை ரூட் மட்டுமே திருத்தலாம் என்றால், பாப்பா தன் பாஸ்வேர்டைத் தானே எப்படி மாற்றுகிறாள்? பாஸ்வேர்டை மாற்றும் கட்டளைக்கும் பாஸ்டபிள்யூடி என்றே பெயர்; அந்தக் கட்டளைக் கோப்பின் அனுமதியைப் பார்த்தால், ஓட்டும் அனுமதியைக் குறிக்கும் எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் இருக்கும். யார் ஓட்டினாலும் அந்த நிரல் தன் உரிமையாளரின் எண்ணோடு, அதாவது ரூட்டாக, ஓடும் என்று பொருள். இதற்கு செட்யூஐடி என்று பெயர். டென்னிஸ் ரிச்சி யோசித்தது. 1979-இல் காப்புரிமைகூட வாங்கினார்கள்.

மூன்றாவது பதிவேடு /ஈடிசி/குரூப். ஒரு வரிக்கு நான்கு கட்டம்: குழுப் பெயர், பாஸ்வேர்டின் இடம், குழு எண், உறுப்பினர் பட்டியல். ஒருவர் தன் முதன்மைக் குழுவின் பட்டியலில் வரமாட்டார். அது முதல் பதிவேட்டிலேயே இருக்கிறது. இது தெரியாமல் பட்டியல் காலியாக இருக்கிறதே என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

இந்த மூன்றையும் சாதாரண எடிட்டரில் திறந்து கை வைக்காதீர்கள். ஒரு முக்காற்புள்ளி தவறினால் லாகினே போய்விடும். கட்டாயம் திருத்தியே ஆக வேண்டும் என்றால் விஐபிடபிள்யூ, விஐஜிஆர் என்ற கட்டளைகள் இருக்கின்றன. அவை கோப்பைப் பூட்டிவிட்டுத் திறக்கும்.

கணக்கு திறப்பது

செட்டிங்ஸில் பயனர்கள் பக்கத்துக்குப் போய், மேலே இருக்கும் பூட்டைத் திறந்து, புதிய பயனர் என்று சொடுக்கினாலும் வேலை நடக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை, அப்பாவுக்குப் போனில் சொல்லும்போது நானும் அதைத்தான் சொல்வேன். டெர்மினலில் என்றால் (முன்னால் வரும் சுடோ, கட்டளையை ரூட் அதிகாரத்தோடு ஓட்டச் சொல்வது):

சுடோ ஆட்யூசர் பாப்பா

பாஸ்வேர்டு இரண்டு முறை கேட்கும்; தட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பிறகு முழுப்பெயர், போன் எண் என்று கேட்கும். வேண்டாததற்கு என்டர் தட்டிக்கொண்டே போங்கள். முடிவில் வீட்டு ஃபோல்டர் உருவாகி, அதே பெயரில் ஒரு குழுவும் உருவாகி, பாப்பா அதில் சேர்ந்துவிடுவாள்.

லாகின் பெயர் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தொடங்க வேண்டும். எழுத்தும் எண்ணும் இருக்கலாம், இடைவெளி கூடாது, 32 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தமிழெழுத்தில் வைக்க முடியாது. ஆனால் முழுப்பெயர் கட்டத்தில் தமிழ் தாராளமாகப் போகும். செட்டிங்ஸில் போய் முழுப்பெயரைத் தமிழில் மாற்றினால் லாகின் திரையில் தமிழிலேயே நிற்கும். அப்பா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

யூசர்ஆட் என்று இன்னொரு கட்டளையும் உண்டு. சொற்கள்தான் இடம் மாறியிருக்கின்றன, ஆனால் குணம் வேறு. டெபியன், உபுண்டுவில் யூசர்ஆட் என்பது முகம் கொடுத்துப் பேசாத ஆள்: நீங்கள் -எம் என்று சொல்லாவிட்டால் வீட்டு ஃபோல்டரே கட்டாது, பாஸ்வேர்டும் வைக்காது. அந்தக் கணக்கில் லாகின் செய்ய முடியாமல் பலர் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஃபெடோராவில் இரண்டு பெயரும் ஒரே கட்டளைதான். வீட்டைக் கட்டிவிடும், பாஸ்வேர்டை மட்டும் தனியாக வைக்க வேண்டும்:

சுடோ யூசர்ஆட் பாப்பா
சுடோ பாஸ்டபிள்யூடி பாப்பா

வீட்டில் ஒன்றுக்கு மேல் லினக்ஸ் கணினி இருந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். யாருக்கு எந்த எண் என்று ஒரு தாளில் எழுதி வைத்து, எல்லாக் கணினியிலும் அதே எண்ணைக் கொடுங்கள். ஆட்யூசருக்கு --யூஐடி 1002 என்று சேர்த்துச் சொல்லலாம். நான் இதைச் செய்யாததால்தான் மேலே சொன்ன கூத்து.

அட்மின் யார், சாதாரணப் பயனர் யார்?

புதிதாகத் திறந்த கணக்கு சாதாரணக் கணக்கு. மென்பொருள் போட, நீக்க, மற்றவர் ஃபோல்டரைத் திறக்க முடியாது. அந்த அதிகாரம் வேண்டுமென்றால் உபுண்டுவில் சுடோ குழுவில், ஃபெடோராவிலும் ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வகையிலும் வீல் குழுவில் இருக்க வேண்டும். அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'பிக் வீல்' என்றால் பெரிய கை; அங்கிருந்து வந்த பெயர்.

சுடோ 1980-வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காக்ஷல், கிளிஃப் ஸ்பென்சர் இருவரும் எழுதியது. ரூட்டின் பாஸ்வேர்டை எல்லோருக்கும் கொடுக்காமல், அவரவர் பாஸ்வேர்டைக் கேட்டு அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் அதிகாரம் தருவது அதன் வேலை. யார் எதைச் செய்தார் என்று பதிவும் இருக்கும்.

வீட்டில் இருவருக்கு அட்மின் போதும். ஒருவர் மட்டும் என்றால் அவர் ஊருக்குப் போனால் சிக்கல். எல்லோருக்கும் என்றால் கணக்கு பிரித்ததற்கே பொருளில்லை.

குழுவில் சேர்ப்பதும் நான் செய்த முட்டாள்தனமும்

குழு என்பது அனுமதியை ஆள் ஆளாகக் கொடுக்காமல் கூட்டமாகக் கொடுக்க ஒரு வழி. உபுண்டுவில் தயாராகவே பல இருக்கின்றன. எல்பிஅட்மின் குழுவில் இருந்தால் பிரிண்டரைச் சேர்க்கலாம், நீக்கலாம். டயல்அவுட் என்பது மோடம் காலத்துப் பெயர். இன்று ஆர்டுயினோ பலகையை யுஎஸ்பியில் செருகி நிரல் ஏற்ற முயலும் மாணவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் குழுவில் இல்லாததால்தான். ஆர்ச்சில் அதே வேலைக்கு யுயுசிபி என்ற குழு.

டாக்கர் என்பது நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள். அதன் பெயரில் இருக்கும் டாக்கர் குழுவைப் பற்றி மட்டும் எச்சரிக்கை: அதில் ஒருவரைச் சேர்ப்பதும் ரூட் அதிகாரத்தைக் கையில் கொடுப்பதும் ஒன்றேதான். கன்டெய்னருக்குள் கணினியின் முழு டிஸ்க்கையும் மாட்டி ரூட்டாக உள்ளே போகலாம். 'சுடோ போடாமல் ஓட வேண்டுமென்றால் இந்தக் குழுவில் சேருங்கள்' என்று சாதாரணமாகச் சொல்வார்கள், இதைச் சொல்லமாட்டார்கள்.

சரி, சேர்ப்பது எப்படி? எல்லா இடத்திலும் காணும் கட்டளை இது:

சுடோ யூசர்மோட் -ஏஜி டயல்அவுட் மணி

மணி என்பது என் லாகின் பெயர். ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. பெரிய ஜி என்றால் 'இவருடைய கூடுதல் குழுக்கள் இவைதான்' என்று அர்த்தம். சின்ன ஏ என்றால் 'இருப்பதோடு சேர்' என்று அர்த்தம். ஏ விட்டுப்போனால்? கணினி கேள்வி கேட்காது. மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் உங்களை எடுத்துவிட்டு, சொன்ன ஒன்றில் மட்டும் வைக்கும்.

நான் அதைத்தான் செய்தேன். ஏ இல்லாமல் தட்டினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, எல்லாம் நன்றாகத்தான் போனது. மறுநாள் லாகின் செய்து அப்டேட் போட சுடோ என்றால், நீ சுடோ பட்டியலிலேயே இல்லை என்றது. அந்தக் கணினியில் இருந்த ஒரே அட்மின் நான்தான். நீக்கப்பட்ட குழுவில் என்னைத் திரும்பச் சேர்க்க நீக்கப்பட்ட அதிகாரமே வேண்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்ட கதை.

இப்படி மாட்டிக்கொண்டால் வழி இருக்கிறது. கணினியை மறுபடி தொடங்கி, ஆரம்பத்தில் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் அழுத்தி கிரப் என்ற தொடக்கப் பட்டியலைக் கொண்டுவாருங்கள். கூடுதல் தெரிவுகளில் ரெக்கவரி மோட் என்று முடியும் வரியைத் தேர்ந்தெடுங்கள். வரும் பட்டியலில் ரூட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ரூட் ஷெல் திறக்கும். அங்கே:

மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /
யூசர்மோட் -ஏஜி சுடோ மணி
ரீபூட்

முதல் வரி, படிக்க மட்டும் திறந்திருக்கும் டிஸ்க்கை எழுதவும் திறக்கிறது. அதை மறந்தால் இரண்டாவது வரி புலம்பும். ஒரு பாஸ்வேர்டும் கேட்காமல் இவ்வளவும் நடந்ததைக் கவனித்தீர்களா? கணினிக்கு முன்னால் உட்காரக்கூடிய யாரும் இதைச் செய்யலாம். வெளியில் எடுத்துப்போகும் லேப்டாப் என்றால் டிஸ்க்கையே குறியாக்கம் செய்து வையுங்கள்; கணக்கும் குழுவும் அங்கே காப்பாற்றாது.

அதற்குப் பிறகு நான் யூசர்மோடை இந்த வேலைக்குத் தொடுவதில்லை. ஜி என்ற எழுத்தை பாஸ்டபிள்யூடிக்கு முன்னால் ஒட்டினால் இன்னொரு கட்டளை:

சுடோ ஜிபாஸ்டபிள்யூடி -ஏ மணி டயல்அவுட்

சேர்ப்பதற்கு -ஏ, நீக்குவதற்கு -டி. முதலில் ஆள், பிறகு குழு. ஒரு நேரத்தில் ஒரு குழுவை மட்டுமே தொடும். மற்றதைக் கெடுக்க வழியே இல்லை.

சேர்த்த உடனே 'வேலை செய்யவில்லையே' என்பார்கள். லாகின் ஆகும் நேரத்தில் உங்கள் குழுப் பட்டியல் கையில் ஒட்டப்படுகிறது. நடுவில் பதிவேடு மாறினாலும் கையில் இருப்பது பழையதுதான். வெறும் ஐடி என்று தட்டினால் கையில் இருப்பது தெரியும். ஐடி மணி என்று பெயரோடு தட்டினால் பதிவேட்டில் இருப்பது தெரியும். இரண்டும் வேறாக இருந்தால் லாக்அவுட் செய்து வாருங்கள். டெஸ்க்டாப்பில் சில சமயம் பின்னணியில் பழைய அமர்வு தொங்கிக்கொண்டிருக்கும். ரீபூட் செய்தால் சந்தேகமே இல்லை.

எல்லோருக்கும் ஒரு பொது ஃபோல்டர்

வீட்டில் குழு உண்மையில் பயன்படும் இடம் இதுதான், பெரும்பாலானோர் தோற்றுப்போகும் இடமும் இதுதான். போட்டோ, மின் கட்டண ரசீது, பள்ளித் தாள்கள் எல்லாம் ஓரிடத்தில்; வீட்டார் எல்லோரும் திறக்கலாம், திருத்தலாம்; வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. தோற்றவர்கள் கடைசியில் சிஎச்மோட் 777 போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். அது கதவைக் கழற்றி வைத்துவிட்டு, பூட்டுத் தொல்லை தீர்ந்தது என்பதைப் போல.

குழுவை உருவாக்குங்கள், ஆட்களைச் சேருங்கள்:

சுடோ குரூப்ஆட் வீடு
சுடோ ஜிபாஸ்டபிள்யூடி -ஏ மணி வீடு
சுடோ ஜிபாஸ்டபிள்யூடி -ஏ அப்பா வீடு
சுடோ ஜிபாஸ்டபிள்யூடி -ஏ பாப்பா வீடு

ஃபோல்டரைக் கட்டி, குழுவின் பெயரில் எழுதி, அனுமதியை வையுங்கள்:

சுடோ எம்கேடிஐஆர் /எஸ்ஆர்வி/வீடு
சுடோ சிஎச்ஜிஆர்பி வீடு /எஸ்ஆர்வி/வீடு
சுடோ சிஎச்மோட் 2770 /எஸ்ஆர்வி/வீடு

யாருடைய வீட்டு ஃபோல்டருக்குள்ளும் இதை வைக்காதீர்கள். உபுண்டு 21.04 முதல் வீட்டு ஃபோல்டர்கள் 750 என்ற அனுமதியோடு வருகின்றன; வாசலே மற்றவருக்கு மூடியிருக்கும்போது உள்ளே இருக்கும் அறையைத் திறந்து வைத்துப் பயனில்லை.

2770-இல் கடைசி மூன்று எண்கள் உரிமையாளர், குழு, மற்றவர். படிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1. மூன்றும் கூடினால் 7. மற்றவருக்கு 0. முன்னால் நிற்கும் 2-தான் மந்திரம். அது இல்லாவிட்டால் பாப்பா இங்கே உருவாக்கும் கோப்பு பாப்பா என்ற அவளுடைய சொந்தக் குழுவின் பெயரில் போய் உட்காரும். அப்பாவால் தொட முடியாது. 2 இருந்தால் இங்கே பிறக்கும் எதுவும் 'வீடு' குழுவின் பெயரிலேயே பிறக்கும். உள்ளே உருவாகும் ஃபோல்டர்களுக்கும் அதே குணம் ஒட்டிக்கொள்ளும். எல்எஸ் -எல்டி போட்டுப் பார்த்தால் குழுவின் எக்ஸ் இருக்கும் இடத்தில் எஸ் என்று காட்டும்.

இதோடு முடிந்தது என்று விட்டுவிட்டால் அடுத்த வாரம் புகார் வரும்: 'திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை.' குழு சரி, எழுதும் அனுமதி இல்லை. காரணம் யூமாஸ்க். புதுக் கோப்பு பிறக்கும்போது எந்த அனுமதிகளைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் எண் அது. டெர்மினலில் யூமாஸ்க் என்று தட்டினால் 0002 வந்தால் நல்லது. 0022 வந்தால் குழுவின் எழுதும் அனுமதி பிறக்கும்போதே கழிந்துவிடுகிறது. ஒவ்வொருவர் கணக்கிலும் போய் அதை மாற்றுவதைவிட, ஃபோல்டரிலேயே ஒரு விதி எழுதிவிடலாம்:

சுடோ செட்எஃப்ஏசிஎல் -டி -எம் ஜி:வீடு:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/வீடு

செட் என்பது சொல், மீதி எழுத்துகள். கட்டளை இல்லை என்று வந்தால் ஏசிஎல் என்ற பேக்கேஜைப் போடுங்கள். இந்த இயல்பு விதி இருக்கும் ஃபோல்டரில் யூமாஸ்க்கின் பாச்சா பலிக்காது.

லாக்அவுட் செய்யாமலேயே சோதித்துப் பார்க்க ஒரு குறுக்கு வழி:

சுடோ -யூ பாப்பா டச் /எஸ்ஆர்வி/வீடு/சோதனை
சுடோ எல்எஸ் -எல் /எஸ்ஆர்வி/வீடு

முதல் வரி பாப்பாவாக மாறி ஒரு காலிக் கோப்பை வைக்கிறது. சுடோ பதிவேட்டைப் புதிதாகப் படிப்பதால் புதுக் குழு உடனே தெரியும். இரண்டாவது வரியில் உரிமையாளர் பாப்பா, குழு வீடு, இருவருக்கும் எழுதும் அனுமதி என்று தெரிந்தால் வேலை முடிந்தது.

இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது. கோப்பை இங்கே நகலெடுத்தால் அது புதுக் கோப்பு, குழு விதி செல்லும். அதே டிஸ்க்கில் வேறிடத்திலிருந்து இழுத்துப் போட்டால், அதாவது நகர்த்தினால், அது பழைய கோப்பே. பழைய குழுவோடும் பழைய அனுமதியோடும் வந்து உட்காரும். நகலெடுத்தாலும் மூலக் கோப்பில் குழுவுக்கு எழுத அனுமதி இல்லாவிட்டால் அந்தக் கஞ்சத்தனமும் கூடவே வரும். டவுன்லோட்ஸிலிருந்து ரசீதை இழுத்துப் போடும் அப்பாவிடம் இதையெல்லாம் விளக்க முடியுமா? நான் அவ்வப்போது இந்த இரண்டு வரியை ஓட்டிவிடுகிறேன்:

சுடோ சிஎச்ஜிஆர்பி -ஆர் வீடு /எஸ்ஆர்வி/வீடு
சுடோ சிஎச்மோட் -ஆர் ஜி+ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/வீடு

இரண்டிலும் கோட்டுக்குப் பின் வரும் ஆர் பெரிய எழுத்து. இரண்டாவது வரியின் கடைசி எக்ஸும் பெரிய எழுத்து. அது ஃபோல்டர்களுக்கு நுழையும் அனுமதி தரும்; கோப்புகளில் ஏற்கெனவே ஓட்டும் அனுமதி உள்ளவற்றை மட்டுமே தொடும், போட்டோக்களை நிரலாக்கிவிடாது.

ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்கக் கூடாது என்றால் 2770-க்குப் பதில் 3770. கூடிய 1 ஒட்டும் பிட். எல்லோரும் எழுதும் /டிஎம்பி ஃபோல்டரில் ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்க முடியாததும் அதனால்தான். பாப்பா ஒருநாள் 'இடம் சேமிக்கிறேன்' என்று தாத்தாவின் வீடியோக்களைத் துடைத்த பிறகு எங்கள் வீட்டில் 3770.

ஒருவர் போனால்

தங்கிப் படித்த உறவுக்காரப் பையன் விடுதிக்குப் போய்விட்டான், அலுவலகத்தில் ஒருவர் வேலையை விட்டார். உடனே கணக்கை அழிக்காதீர்கள், பூட்டுங்கள்:

சுடோ யூசர்மோட் -எல் -இ 1 தம்பி

எல் பெரிய எழுத்து. அது பாஸ்வேர்டை மட்டும் பூட்டும். பாஸ்வேர்டு இல்லாமல் வேறு கணினியிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியை வைத்திருப்பவர் அப்போதும் நுழைவார். -இ 1 என்பது கணக்கே 1970 ஜனவரி 2-ஆம் தேதியோடு காலாவதி என்று சொல்வது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பூட்டு.

சில மாதம் கழித்து, வேண்டியதை எடுத்து வைத்த பிறகு அழிக்கலாம்:

சுடோ டெல்யூசர் --ரிமூவ்-ஹோம் தம்பி

ஃபெடோராவில் யூசர்டெல் -ஆர். வீட்டு ஃபோல்டர் போய்விடும். வெளியே கிடக்கும் கோப்புகள் போகாது. அவை எண்ணை மட்டும் சுமந்துகொண்டு அநாதையாக நிற்கும். அடுத்து நீங்கள் திறக்கும் கணக்குக்கு அதே எண் கிடைத்தால் அத்தனையும் அவருக்குச் சொந்தம்! புதிதாக வந்தவருக்குப் பழையவரின் கோப்புகள் திறப்பது இப்படித்தான். அழித்த கையோடு தேடிவிடுங்கள்:

சுடோ ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -நோயூசர்

சார்ட்டில் பெயரில்லாத எண்களைச் சுமக்கும் கோப்புகளை இது பட்டியலிடும்.

மேக், ஃப்ரீபிஎஸ்டி

மேக்கும் யூனிக்ஸ் வம்சம்தான், எண் தத்துவம் அதேதான். முதல் மனிதர் 501. ஆனால் அங்கே /ஈடிசி/பாஸ்டபிள்யூடியைத் திருத்திப் பயனில்லை; உண்மையான பதிவேடு வேறு, டிஎஸ்சிஎல் என்ற கட்டளையால் பார்க்கலாம். எல்லோருக்கும் முதன்மைக் குழு ஸ்டாஃப், எண் 20. அதனால் குழுவுக்கு எழுதும் அனுமதி கொடுத்தால் கணினியில் உள்ள எல்லோருக்கும் கொடுத்ததாகிவிடும். யூனிக்ஸ் வம்சத்தின் இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் ஆட்யூசர் அன்பாகக் கேள்வி கேட்டு வேலை செய்யும், மற்றதற்கு பிடபிள்யூ என்ற கட்டளை. எஸ்யூ போட்டு ரூட் ஆக வேண்டுமென்றால் வீல் குழுவில் இருந்தே ஆக வேண்டும்.

இனி அந்த டிஸ்க்

பெயர்களை நம்பாமல் எண்ணை மட்டும் காட்டச் சொல்லிப் பார்த்தேன்:

எல்எஸ் -எல்என் /மீடியா/மணி/பழசு

என் ஃபோல்டர் 1000, அப்பாவுடையது 1001. புதுக் கணினியில் ஆட்களின் எண்களை மாற்றலாம்தான், ஆனால் அதற்குள் அங்கே இருவரும் குடித்தனம் தொடங்கிவிட்டோம். டிஸ்க்கில் மாற்றுவது எளிது. ஒரே ஒரு சிக்கல்: 1000-ஐ 1001 ஆக்கிவிட்டு 1001-ஐ 1000 ஆக்கினால் எல்லாம் ஒருவருக்கே போய்விடும். இரண்டு டம்ளரில் இருக்கும் காபியையும் பாலையும் இடம் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டுமே, அது மாதிரி யாருக்கும் இல்லாத 5000:

சுடோ சிஎச்ஓன் -ஆர் --ஃப்ரம்=1000:1000 5000:5000 /மீடியா/மணி/பழசு
சுடோ சிஎச்ஓன் -ஆர் --ஃப்ரம்=1001:1001 1000:1000 /மீடியா/மணி/பழசு
சுடோ சிஎச்ஓன் -ஆர் --ஃப்ரம்=5000:5000 1001:1001 /மீடியா/மணி/பழசு

மூன்றிலும் ஆர் பெரிய எழுத்து. முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது பயனர் எண், பின்னால் இருப்பது குழு எண். இது எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் வடிவத்தில் உள்ள டிஸ்க்குக்குத்தான். பென்டிரைவ்களில் வரும் எக்ஸ்ஃபேட்டில் உரிமையாளர் என்ற கட்டமே கிடையாது; செருகியவர் யாரோ அவருடையது.

ஓட்டி முடித்துவிட்டு அப்பாவின் லாகினில் போய் என் வரித் தாள் ஃபோல்டரைச் சொடுக்கினேன். அனுமதி இல்லை என்றது.